லோடு இல்லாத கம்பி: சிவசமுத்திரம் முதல் பாப்பிரெட்டிப்பட்டி வரை

ஒகேனக்கல்லில் விழுகிற தண்ணீர் அதற்கு முன்பே ஒரு தடவை விழுந்துவிட்டுத்தான் வருகிறது. மேலே, இன்றைய கர்நாடகத்தில், சிவசமுத்திரத்தில். அங்கே சுமார் 400 அடி வீழ்ச்சியைப் பயன்படுத்தி 1902இல் ஒரு மின் நிலையம் கட்டினார்கள். அந்த மின்சாரம் பக்கத்து ஊருக்குப் போகவில்லை. 147 கிலோமீட்டர் தள்ளி இருந்த கோலார் தங்க வயலுக்குப் போனது. நம்ம தர்மபுரிக்காரர்கள் (அப்போது சேலம் ஜில்லா) வேலை தேடிப் போன அதே தங்க வயல். வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள் இறங்கிய சுரங்கங்களில் தண்ணீர் இறைக்கும் பம்பும், பாறையை நொறுக்கும் ஆலையும் அந்த ஒற்றைக் கம்பித் தடத்தை நம்பித்தான் இருந்தன.

இதைப் பற்றி இணையத்தில் தேடினால் இரண்டு பெருமைகள் வந்து நிற்கும். ஒன்று, ஆசியாவின் முதல் நீர்மின் நிலையம். இன்னொன்று, உலகிலேயே அன்றைய மிக நீளமான மின்தடம். இரண்டும் சரியில்லை. ஜப்பானில் கியோத்தோ நகரத்தின் கேஆகே நிலையம் 1891இலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. இந்தியாவிலேயே டார்ஜிலிங் பக்கம் சித்ராபோங் 1897இல் வந்தது, 130 கிலோவாட். நீளத்தைப் பொறுத்தவரை, கலிஃபோர்னியாவில் கோல்கேட் மின் நிலையத்திலிருந்து ஓக்லண்டுக்கு 1901இல் போட்ட தடம் ஏறத்தாழ 140 மைல். நம்முடையது 92 மைல். சிவசமுத்திரத்துக்கு இந்தப் பட்டங்கள் தேவையும் இல்லை என்பது என் கருத்து. அதன் உண்மையான சாதனை வேறு. உதவிக்கு வர வேறு நிலையமே இல்லாத ஓர் ஊரில், ஒரே ஒரு நிலையம், ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர், நடுவில் நீண்ட கம்பி. இதைத்தான் இன்று 'தனித்த மின் அமைப்பு' என்கிறோம்.

இத்தகைய அமைப்பில் ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் ஏன் எகிறுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. கேள்வி பழையது. ஆனால் நம்ம ஊர் மில்களிலும் கல்யாண மண்டபங்களிலும் இன்றைக்கும் தினசரி கேட்கிற கேள்வி.

முதலில் வரலாறு. மைசூர் திவான் சேஷாத்ரி அய்யர்தான் திட்டத்தின் அரசியல் பக்கம். பொறியியல் பக்கம் அலைன் ஜோலி டி லோத்பினியேர் என்ற ராயல் இன்ஜினியர்ஸ் அதிகாரி. பெயரைப் பார்த்தால் பிரெஞ்சுக்காரர் போல இருக்கும், ஆனால் கனடாக்காரர். தங்கச் சுரங்கங்களை நிர்வகித்த ஜான் டெய்லர் கம்பெனியோடு பேசி, மின்சாரத்தை வாங்கிக்கொள்கிறோம் என்ற உறுதியை வாங்கிய பிறகுதான் வேலை ஆரம்பித்தது. மின் சாமான்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்; தண்ணீர்ச் சக்கரங்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ். ஒவ்வொன்றும் 720 கிலோவாட் என ஆறு இயந்திரங்கள். கம்பியில் 35,000 வோல்ட். அதிர்வெண் 25 ஹெர்ட்ஸ். 1902 ஜூன் 30 அன்று தங்க வயலுக்கு மின்சாரம் போனது. சேஷாத்ரி அய்யர் அதைப் பார்க்கவில்லை; முந்தைய ஆண்டு செப்டம்பரிலேயே இறந்துவிட்டார். இன்னொரு தகவலையும் சொல்லியாக வேண்டும். நிலையத்துக்கு எதிர்க்கரை 1956 வரைக்கும் நம்ம மாகாணம்தான், கோயம்புத்தூர் ஜில்லா, கொள்ளேகால் தாலுகா.

இப்போது ஒரு கணக்கு. நான் மென்பொருள் ஆள், ஆனாலும் பி.இ. படித்த காலத்துப் புத்தகம் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

ஒரு நீண்ட மின்கம்பி என்பது வெறும் கம்பி இல்லை. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் காற்று, கம்பிக்கும் தரைக்கும் நடுவில் காற்று. ஆக அது ஒரு மிகப்பெரிய கபாசிட்டர். மறுமுனையில் எதையுமே இணைக்காவிட்டாலும், கம்பியை நிரப்பவே கரண்ட் வேண்டும். அந்தக் காலத்து 35,000 வோல்ட் தடத்துக்குக் கிலோமீட்டருக்கு 9 நானோஃபாரட் என்று எடுத்துக்கொண்டால், 147 கிலோமீட்டருக்கு சுமார் 1.3 மைக்ரோஃபாரட் வருகிறது. 25 ஹெர்ட்ஸில் ஒரு தடத்துக்கு ஏறத்தாழ 250 கிலோவார். கரண்டில் சொன்னால் வெறும் 4 ஆம்பியர் சொச்சம்தான். ஆனால் ஒரே ஒரு 720 கிலோவாட் இயந்திரத்தை மட்டும் ஓடவிட்டுக் கம்பியை இணைத்தால், அந்த இயந்திரத்தின் மொத்தத் திறனில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு பல்பு கூட எரியாமல், கம்பியை நிரப்புவதிலேயே போகிறது. இரண்டு தடங்களையும் சேர்த்து இணைத்தால் மூன்றில் இரண்டு பங்கு. (இது என்னுடைய தோராயக் கணக்கு. பத்து, பதினைந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம்.)

போனால் போகட்டுமே, என்ன கெட்டுவிடும்? இங்கேதான் விஷயம் தலைகீழாகிறது. மோட்டார் மாதிரி சாதாரண லோடு எடுக்கிற கரண்ட், ஜெனரேட்டருக்குள் இருக்கும் காந்தப் புலத்தைக் குறைக்கப் பார்க்கும். அதனால் லோடு ஏற ஏற வோல்டேஜ் இறங்கும். நாம் புலத்துக்குக் கூடுதல் கரண்ட் கொடுத்துத் தூக்கி நிறுத்துகிறோம். கபாசிட்டர் எடுக்கிற கரண்ட் நேர் எதிர். அது காந்தப் புலத்துக்கு உதவி செய்கிறது. நாம் கொடுக்கிற புலம் போக, கம்பியே ஜெனரேட்டருக்கு இன்னொரு புலத்தைக் கொடுக்கிறது. வோல்டேஜ் ஏறுகிறது. வோல்டேஜ் ஏறினால் கம்பி இன்னும் கூடுதல் கரண்ட் எடுக்கும். அது வோல்டேஜை மறுபடி ஏற்றும். ஒரு கட்டத்துக்கு மேல், புலத்தை முழுக்க அணைத்துவிட்டாலும் வோல்டேஜ் நிற்கும். இயந்திரம் தன்னைத் தானே தூண்டிக்கொள்கிறது. இரும்பு காந்தத்தால் நிறைந்து இதற்கு மேல் முடியாது என்கிற வரைக்கும் அது போகும்.

இதை ஃபெராண்டி விளைவு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்கள் நிறைய பேர். லண்டனில் டெட்ஃபோர்டு நிலையத்துக்காக செபாஸ்டியன் ஃபெராண்டி போட்ட 10,000 வோல்ட் கேபிளில்தான் அந்த விநோதம் முதலில் பெரிதாகப் பேசப்பட்டது: அனுப்பும் முனையைவிட வாங்கும் முனையில் வோல்டேஜ் கூடுதல். உண்மையான விளைவுதான். ஆனால் நம்ம 147 கிலோமீட்டருக்கு, 25 ஹெர்ட்ஸில் அதைக் கணக்கிட்டால் 0.3 சதவீதம் வருகிறது. 35,000 வோல்ட்டில் 100 வோல்ட். 50 ஹெர்ட்ஸாக இருந்திருந்தால்கூட 1.2 சதவீதம்தான். அதனால் எதுவும் எரியாது. ஆபத்து கம்பியில் இல்லை, கம்பியும் ஜெனரேட்டரும் சேருகிற இடத்தில் இருக்கிறது. எவ்வளவு பெரிய கம்பிக்கு எவ்வளவு சிறிய ஜெனரேட்டர் என்ற விகிதம்தான் எல்லாம்.

அந்த வகையில் 25 ஹெர்ட்ஸ் ஒரு பாதுகாப்பு. நயாகராவில் 1890களில் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள், மெதுவாகச் சுழலும் பெரிய மோட்டார்களுக்கும் சுழல் மாற்றிகளுக்கும் அது தோது என்பதால். கம்பியை நிரப்பும் கரண்டும் பாதியாகிறது என்பது கூடவே கிடைத்த லாபம். 50 ஹெர்ட்ஸில் சிவசமுத்திரம் அமைந்திருந்தால், ஓர் இயந்திரத்தின் முழுத் திறனையும் தாண்டியிருக்கும் அந்த இரண்டு தடங்களின் பசி.

இன்னொரு பாதுகாப்பும் இருந்தது. அந்தக் காலத்து ஜெனரேட்டர்கள் பொதுவாகப் பெருத்தவை. இரும்பும் தாமிரமும் தாராளம், சுழலிக்கும் நிலைப்பகுதிக்கும் நடுவில் காற்று இடைவெளி அகலம். அப்படிப்பட்ட இயந்திரத்தின் காந்தப் புலத்தை வெளியிலிருந்து வரும் கரண்ட் சுலபத்தில் அசைக்க முடியாது. இன்றைய டீசல் ஜெனரேட்டர் ஆல்டர்னேட்டர், தானியங்கி வோல்டேஜ் கட்டுப்பாட்டை (ஏவிஆர் என்று எல்லோரும் சொல்வது) நம்பி மெலிந்துபோன இயந்திரம். ஏவிஆர் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று இரும்பைக் குறைத்துவிட்டார்கள். வணிகமாகப் பார்த்தால் தப்பில்லை. ஆனால் ஏவிஆரால் ஒரு எல்லை வரைதான் முடியும். புலத்தைப் பூஜ்யம் வரை குறைக்கலாம். அதற்குக் கீழே போக அதனிடம் வழி இல்லை.

இந்த இடத்தில் நம்ம மாவட்டத்துக்கு வருகிறேன். பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் மரவள்ளிக் கிழங்கு விளைகிற ஊரில் உறவினர் ஒருவருக்கு சேகோ ஆலை. தமிழ்நாடு முழுக்கக் கடுமையான மின்வெட்டு இருந்த காலம், 2012. ஒரு நாள் போன் பண்ணினார்.

"மாப்ள, ஜெனரேட்டர ஓட்டுனா போதும், பல்பு எல்லாம் பட் பட்டுனு போவுது. ஏவிஆரை ரெண்டு வாட்டி மாத்தியாச்சு. கம்ப்யூட்டர் படிச்சவன்தான நீ, வந்து பாரு."

கம்ப்யூட்டருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னால் கேட்கவா போகிறார். போனேன். 125 கேவிஏ ஜெனரேட்டர். 415 வோல்ட் காட்ட வேண்டிய மீட்டர், சேஞ்ச்ஓவர் சுவிட்சைத் தள்ளியதும் 490 பக்கம் போய் நின்றது. நியூட்ரல் கழன்றிருக்குமோ என்பதுதான் எல்லாருக்கும் முதல் சந்தேகம். ஆனால் நியூட்ரல் கழன்றால் ஒரு பேஸ் ஏறும், இன்னொன்று இறங்கும். இங்கே மூன்றும் சேர்ந்து ஏறின. சேஞ்ச்ஓவரை எடுத்துவிட்டு ஜெனரேட்டரை மட்டும் ஓட்டினால் 415, அசையவில்லை. அப்படியானால் ஏவிஆர் நல்லாத்தான் இருக்கிறது.

ஆலையின் எலெக்ட்ரீஷியன் வயதானவர். அவர்தான் கண்டுபிடித்தார், நான் இல்லை. சுவரோரமாக இருந்த கபாசிட்டர் பேனலைக் காட்டி, "இத எறக்கிட்டு ஒருக்கா ஓட்டுங்க சார்" என்றார். இறக்கினோம். 415. அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். பவர் ஃபேக்டர் குறைந்தால் மின்வாரியம் கூடுதல் கட்டணம் போடும். அதைத் தவிர்க்க ஆலைகளில் கபாசிட்டர் வைக்கிறார்கள். இந்த ஆலையில் 50 கிலோவார், கையால் போட்டு எடுக்கிற சுவிட்சோடு. மோட்டார்கள் ஓடும்போது அது மோட்டார்களின் கரண்டை ஈடுகட்டும், பிரச்சினை இல்லை. கரண்ட் போனவுடன் என்ன ஆகிறது? மோட்டார் ஸ்டார்ட்டர்களில் நோ-வோல்ட் காயில் இருக்கிறது. அது விட்டுவிடுகிறது, மோட்டார் எல்லாம் கழன்றுகொள்கின்றன. கபாசிட்டர் சுவிட்சுக்கு அப்படி எந்தக் காயிலும் இல்லை. அது அப்படியே இருக்கிறது. இப்போது ஜெனரேட்டரைப் போட்டால் அதற்கு முன்னால் இருப்பது நாலு பல்பும் 50 கிலோவாரும்தான். 125 கேவிஏவில் 40 சதவீதம்.

சிவசமுத்திரத்துக் கணக்கில் வந்த மூன்றில் ஒரு பங்கு ஞாபகம் இருக்கிறதா? ஏறக்குறைய அதே விகிதம். அங்கே 147 கிலோமீட்டர் கம்பி செய்த வேலையை இங்கே பீரோ அளவு பெட்டி செய்கிறது. வித்தியாசம், அங்கே இருந்தது தடித்த இயந்திரம், இங்கே மெலிந்தது.

தீர்வு பைசா செலவில்லாதது. ஜெனரேட்டரில் ஓடும்போது கபாசிட்டர் வேண்டாம். ஜெனரேட்டருக்கு மின்வாரியம் அபராதம் போடப்போவதில்லை. பிறகு பேனலில் ஒரு கான்டாக்டர் வைத்து, மின்வாரியக் கரண்ட் இருந்தால் மட்டும் கபாசிட்டர் சேரும்படி மாற்றிவிட்டார்கள். இரண்டு ஏவிஆருக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

வோல்டேஜ் எகிறல் எல்லாமே இந்த ஒரே காரணத்தால் இல்லை. பழுது பார்க்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு உயர்ந்தது என்பதல்ல, எவ்வளவு நேரம் உயர்ந்தே இருந்தது என்பது. நேரத்தைச் சொன்னால் பாதிக் குற்றவாளி அகப்பட்டுவிடுவான்.

கண் சிமிட்டுவதற்குள் போய்விட்டால் அது அலை. சுவிட்சைப் போட்ட கணத்தில் வோல்டேஜ் ஓர் அலையாகக் கம்பியில் ஓடுகிறது, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில். சிவசமுத்திரத்திலிருந்து தங்க வயலுக்கு அரை மில்லிசெகண்ட். மறுமுனையில் ஒன்றும் இணைக்கப்படவில்லை என்றால் சுவரில் மோதிய பந்து மாதிரித் திரும்புகிறது. அந்த முனையில் ஒரு கணம் இரண்டு மடங்கு வோல்டேஜ். இன்சுலேட்டர்களை வெடிக்க வைக்கும் ஆசாமி இதுதான். இதன் கணிதத்தை முழுமையாக எழுதியவர்களில் முக்கியமானவர், அதே ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்த சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ். அவருடைய நிலையற்ற மின் நிகழ்வுகள் பற்றிய பெரிய புத்தகம் 1909இல்தான் வந்தது. அதாவது கம்பெனி கம்பியைப் போட்டு ஓட்டி ஏழு வருஷம் கழித்து. செய்தது முன்னால், புரிந்தது பின்னால் என்பது பொறியியலில் புதிது இல்லை.

எகிறினது அப்படியே நின்றால், கபாசிட்டரையோ நீண்ட கேபிளையோ தேடுங்கள்.

பத்து, இருபது செகண்ட் உயர்ந்து பிறகு மெல்ல இறங்கினால், அது வேகம். நீர்மின் நிலையங்களின் தனித்த தலைவலி இது. தங்க வயல் பக்கம் கம்பியில் இடி விழுந்து லோடு முழுதும் ஒரே நொடியில் கழன்றுவிடுகிறது என்று வையுங்கள். தண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. கதவைப் பட்டென்று சாத்த முடியாது. நூற்றுக்கணக்கான அடி குழாயில் நகரும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் குழாயே பிளக்கும். மெதுவாகத்தான் சாத்த வேண்டும். அதுவரை சக்கரம் வேகம் பிடிக்கும், கூடவே வோல்டேஜும் ஏறும். சக்கரத்தின் தண்டிலேயே புலம் கொடுக்கும் எக்ஸைட்டரும் இருந்தால், அதுவும் வேகம் பிடித்துப் புலத்தையும் ஏற்றும். இரண்டும் சேர்ந்து ஏற்றம் இன்னும் கடுமை. டீசல் இன்ஜினில் எரிபொருளை நொடியில் நிறுத்திவிடலாம் என்பதால் நம்ம ஊர் ஜெனரேட்டர்களில் இது இவ்வளவு மோசமாகத் தெரிவதில்லை.

தானியங்கிக் கருவிகள் பரவுவதற்கு முந்தைய நாட்களில் இதையெல்லாம் சமாளித்தது ஆள்தான். புலத்தின் ரியோஸ்டாட் கைப்பிடியில் ஒரு கை, மீட்டரில் கண். நீண்ட கம்பியை உயிரூட்டப் பாதுகாப்பான முறை, முழு வோல்டேஜில் இருக்கிற ஜெனரேட்டரோடு கம்பியைத் திடீரென்று சேர்ப்பது அல்ல. கம்பியை முதலிலேயே சேர்த்துவிட்டு, புலத்தைப் பூஜ்யத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது. அலையும் இல்லை, எகிறலும் இல்லை. ஓர் இயந்திரம் போதாது என்றால் இரண்டை ஒன்றாகச் சேர்த்து ஓட்டிவிட்டு அப்புறம் கம்பி. பிறகு முதல் வேலை, மறுமுனையில் ஒரு லோடைச் சேர்ப்பது. சுரங்கத்தில் எப்போதும் ஓட வேண்டிய பம்புகள் அதற்கு நல்ல துணை. இறங்கி வேலை செய்கிறவனுக்கு அந்தப் பம்பு உயிர். நிலையத்தில் இருப்பவனுக்கு அது வோல்டேஜை அடக்கும் நங்கூரம். லோடு என்பது ஜெனரேட்டருக்குப் பாரம் என்றே நாம் நினைக்கிறோம். தனித்த அமைப்பில் அது கட்டுப்பாட்டின் ஒரு பகுதி.

பெரிய கிரிட்டோடு எல்லாம் இணைந்துவிட்ட பிறகு இந்தக் கவலை மறந்துபோயிற்று. ஆயிரக்கணக்கான ஜெனரேட்டர்கள் ஒன்றாகத் துடிக்கும்போது ஒரு கம்பியின் 250 கிலோவார் யாருக்குத் தெரியும். ஆனால் கிரிட் விழுந்தால் எல்லாரும் மறுபடி 1902க்குத் திரும்ப வேண்டும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா விழுந்தது. இரண்டாம் நாள் 60 கோடிக்கும் மேலான மக்கள் வாழும் பகுதிகள் இருண்டன. தென்னிந்தியா தப்பித்ததற்குக் காரணம், அப்போது நம்ம கிரிட் தனி. ஒரே அதிர்வெண்ணில் மற்றவற்றோடு சேர்ந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான். இன்று விழுந்தால் சேர்ந்தே விழலாம்.

விழுந்த கிரிட்டை எழுப்ப முதலில் தேடுவது நீர்மின் நிலையங்களைத்தான். அனல் நிலையத்துக்குத் தன் சொந்த மோட்டார்களை ஓட்டவே வெளிக் கரண்ட் வேண்டும். நீர்மின் நிலையத்துக்குச் சிறிய டீசல் ஜெனரேட்டர் ஒன்று போதும். நம்ம பக்கத்தில் மேட்டூரை வைத்து யோசித்துப் பாருங்கள். அணை மின்நிலையம் 1937இல் 10 மெகாவாட் இயந்திரங்களோடு ஆரம்பித்தது. இப்போது நான்கும் 12.5 மெகாவாட். 1960களில் வந்த சுரங்க மின்நிலையத்தில் 50 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு. பக்கத்திலேயே பெரிய அனல் நிலையமும் இருக்கிறது, எழுப்பப்படக் காத்துக்கொண்டு.

ஆனால் இன்றைய 400 கிலோவோல்ட் தடம் கிலோமீட்டருக்கு அரை மெகாவாருக்குச் சற்று மேல் கேட்கும். சிவசமுத்திரம்–கோலார் அளவுக்கு, 147 கிலோமீட்டர் என்றால், ஏறத்தாழ 80 மெகாவார். சுரங்க நிலையத்தின் ஓர் இயந்திரம் தனியாக அதைத் தொட்டால், பாப்பிரெட்டிப்பட்டியில் பார்த்த அதே 490தான், வேறு அளவில். அதனால்தான் இருட்டிலிருந்து எழும்போது பெரிய தடங்களைத் தொடாமல், 110 கிலோவோல்ட், 230 கிலோவோல்ட் என்று குட்டைக் கம்பிகளில் ஆரம்பித்து, ஒவ்வொரு அடியிலும் ஒரு ஊரின் லோடைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். கபாசிட்டருக்கு எதிர்வேலை செய்யும் ரியாக்டர்களைத் துணை நிலையங்களில் சேர்த்துவிட்டுத்தான் 400க்குக் கை வைப்பார்கள்.

ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து 2003இல் வந்த 500 கிலோவோல்ட் நேர்மின் தடம் முடிகிற இடமும் கோலார்தான். நேர்மின்சாரத்தில் கம்பியை ஒரு தடவை நிரப்பினால் போதும், நொடிக்கு ஐம்பது தடவை நிரப்பிக் காலி செய்ய வேண்டியதில்லை. அது வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கங்களை மூடிவிட்டார்கள். சிவசமுத்திரம் நிலையம் இன்னும் ஓடுகிறது, 42 மெகாவாட்.